மான் தீவனப் பீப்பாயும் ரக்கூனும்: கூண்டா, பொறியா?

டெக்சாஸ் மாநிலத்துப் புதர்க்காடுகளில் வெண்வால் மான்களுக்காக நிறுத்தப்படும் தீவனப் பீப்பாய், மூன்று கால்களின் மேல் நின்று, குறித்த நேரத்தில் அடியிலுள்ள வட்டத்தகட்டை மோட்டாரால் சுழற்றி மக்காச்சோளத்தை நாற்புறமும் இறைக்கிறது. முன்னங்கால் விரல்களைக் கைபோலப் பயன்படுத்தும் ரக்கூன் என்ற வட அமெரிக்கப் பாலூட்டியோ, இரவில் ஏறிவந்து அந்தத் தகட்டைத் தானே சுழற்றிச் சோளத்தைக் கொட்டிவிடுகிறது.

இதைத் தடுக்க முதல் வழி, மோட்டாரையும் தகட்டையும் சுற்றிக் கம்பிக்கூண்டு பொருத்துவது. ஒருமுறை செலவழித்தால் போதும். ஆயினும் கம்பிகளின் இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. அகலமாக இருந்தால் கை நுழைந்து தகட்டைத் தொட்டுவிடும். மிக நெருக்கமாக இருந்தால் வீசப்படும் சோளம் கம்பியில் பட்டுக் கூண்டுக்கடியிலேயே உதிர்ந்து, ரக்கூனுக்குத் தரையில் விருந்து வைத்ததாகிவிடும்.

இரண்டாவது, குழாய் வடிவப் பொறி. உள்ளிருக்கும் இரைக்காகக் கையை நுழைத்து விசையை இழுத்தால் பொறி அந்தக் கையைப் பற்றிக்கொள்ளும். நாய்க்கு அவ்வாறு பற்றி இழுக்க வராது என்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். காட்டு வான்கோழி, காடை ஆகியவற்றின் முட்டைகளைத் தின்னும் ரக்கூன்களைக் குறைக்க விரும்புவோருக்கு இது பொருந்தும். ஆனால் பொறியைத் தவறாமல் போய்ப் பார்க்க வேண்டும். பிடிபட்ட விலங்கை நாள்கணக்கில் கிடக்கவிடுவது கொடுமை. மேலும், ஒன்று அகன்ற இடத்திற்கு வேறொன்று வந்துசேரும்.

வார இறுதியில் மட்டும் நிலத்திற்குச் செல்பவர் கூண்டையே தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து. அங்கேயே குடியிருப்பவர், மாநிலத்தின் பொறிவைப்பு விதிகளை அறிந்தபின், இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தலாம்.