தமிழ் புத்தகத்த கேட்லாக் பண்ண எதுக்கு காசு குடுக்கலாம், எது சும்மாவே போதும்

சிங்கப்பூர்ல லைப்ரரி வேலைக்குப் புதுசா வர்ற நம்ம பசங்க என்கிட்ட அடிக்கடி கேக்குறது இதான், "அக்கா, எதுல மெம்பர் ஆகணும், எதுக்கு சப்ஸ்கிரிப்ஷன் கட்டணும், எந்த கோர்ஸ் படிக்கணும்?" பொதுவா பதில் சொன்னா யாருக்கும் உதவாது, ஏன்னா இங்கிலீஷ் புத்தகத்துக்கு ரெடிமேடா ரெக்கார்ட், அதாவது தலைப்பு, ஆசிரியர் விவரமெல்லாம் எழுதின பதிவு, கிடைச்சிடும், எடுத்து போட்டுட்டு போயிடலாம், தமிழ் புத்தகம் மேசைக்கு வந்தாதான் நம்ம கையில இருக்குற கருவி எவ்வளவு தூரம் வரும்னு தெரியும். அதனால நான் எல்லாத்தையும் ஒரே கேள்வியில வச்சுதான் அளந்தேன்: தமிழ் புத்தகத்துக்கு இது என்ன செய்யுது?

இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னும் சொல்லிடறேன். சில வருஷம் முன்னாடி ஒரு சங்கத்தோட சின்ன லைப்ரரியில சனிக்கிழமைகள்ல உதவி பண்ணிட்டு இருந்தேன், சுமார் 400 தமிழ் புத்தகம், ஆளாளுக்கு வாயில வந்த மாதிரி இங்கிலீஷ் எழுத்துல தலைப்பு அடிச்சு வச்சிருந்தாங்க. ஒரு நாள் வயசான ஐயா ஒருத்தர் வந்து கோ. சாரங்கபாணியப் பத்தி ஒரு புத்தகம் இருக்காம்மான்னு கேட்டார். 1935ல தமிழ் முரசு பத்திரிகைய ஆரம்பிச்சவர் பேரு, இந்த ஊர்ல அது ஒரு சின்ன பேரா? நான் எஸ் எழுத்துல ஆரம்பிச்சு மூணு நாலு விதமா அடிச்சுப் பாத்தேன், கம்ப்யூட்டர் இல்லன்னு சொல்லிடுச்சு, நானும் இல்லைங்க ஐயான்னு சொல்லி அனுப்பிட்டேன். அடுத்த வாரம் ஷெல்ஃப் துடைக்கும்போது அந்தப் புத்தகம் என் கையிலயே வந்துச்சு. அவரு ஃபோன் நம்பர் கூட நான் வாங்கி வைக்கல. அன்னிக்கு இருந்த கஷ்டம் இன்னும் போகல.

சரி, கேட்லாகிங் கருவிகள்ல இருந்து ஆரம்பிக்கிறேன், நம்ம பிரச்சனையே அங்கதான். காசு கட்டுற பக்கம் பெரிய ஆளுங்க ரெண்டு பேரு, ஆர்டிஏ டூல்கிட் (புத்தக விவரத்த எப்படி எழுதணும்ங்கற விதிகள் இருக்குற வெப்சைட்), வெப்ட்யூவி (பாடவாரியா நம்பர் குடுக்குற ட்யூவி முறையோட ஆன்லைன் வடிவம்). காசில்லாத பக்கம் அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வெளிய விட்டிருக்குற சாமான்கள்: மார்க் 21 (கம்ப்யூட்டர்ல ரெக்கார்ட் எழுதுற வடிவம்) விளக்கம் முழுசும், சப்ஜெக்ட் ஹெட்டிங், அதாவது பாடத் தலைப்பு பிடிஎஃப்கள், பேரு சரிபாக்குற அத்தாரிட்டி ஃபைல், அப்புறம் தமிழ இங்கிலீஷ் எழுத்துல எழுதுறதுக்கான ரோமனைசேஷன் அட்டவணை. இந்த கடைசி ஒன்னு சில பக்கம்தான் வரும், ஆனா எனக்குத் தெரிஞ்சு தமிழ் கேட்லாகருக்கு இதவிட உபயோகமான காகிதம் வேற இல்ல.

அதுல என்ன இருக்குன்னு கிட்டத்துல போய் பாருங்க. ழ வந்தா எல் போட்டு அடியில ஒரு கோடு, ள வந்தா எல் போட்டு அடியில ஒரு புள்ளி, ற-வுக்கு ஆர் அடியில கோடு, ன-வுக்கு என் அடியில கோடு. ச எப்பவும் சி-தான், எஸ் கிடையாது, க எப்பவும் கே-தான், நம்ம வாயில ஜி மாதிரி கேட்டாலும் கே-தான். அப்ப சாரங்கபாணி-ங்கற பேரு சி-யில ஆரம்பிக்கும், நடுவுல ஜி வராது கே வரும். ஆனா அவரு பேர இங்கிலீஷ்ல பாத்த எல்லாரும் எஸ் போட்டு, இனிஷியலுக்கு ஜி போட்டுதான் பாத்திருப்பாங்க, தமிழ்லயோ கோ. ஒரே மனுஷன், கேட்லாக்ல மூணு ஆளா நிப்பார். இதுக்குத்தான் மார்க்ல 880ன்னு ஒரு ஃபீல்டு வச்சிருக்காங்க, ரோமன் எழுத்துல 100லயும் (ஆசிரியர் பேரு) 245லயும் (தலைப்பு) போட்டதோட தமிழ் எழுத்து வடிவத்த அங்க கோத்து வைக்கலாம், கூடவே அத்தாரிட்டி ரெக்கார்டுல மத்த ஸ்பெல்லிங்க எல்லாம் "இதைப் பார்" மாதிரி சேத்துட்டா, ஜி போட்டு தேடுறவரும் கோ. போட்டு தேடுறவரும் ஒரே எடத்துக்கு வந்து சேருவாங்க. இத்தனையும் இலவச சாமான வச்சே முடியும்.

ஆர்டிஏ டூல்கிட் அப்ப வேணாமா? வேணாம்னு சொல்ல மாட்டேன். 2010ல ஆர்டிஏ வந்துச்சு, 2013 மார்ச் கடைசியில லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அதுக்கு மாறுச்சு, அதுக்கப்புறம் பழைய ஏஏசிஆர்2 விதிய வச்சு மட்டும் ஓட்ட முடியாது. பெரிய லைப்ரரியில ரெக்கார்ட் உருவாக்கி மத்தவங்களோட பகிர்ற வேலைன்னா அது கண்டிப்பா வேணும். ஆனா 2020 டிசம்பர்ல அதிகாரபூர்வமான புது டூல்கிட் முழுசா உருவம் மாறிப் போச்சு, தனியா உக்காந்து படிச்சுப் புரிஞ்சிக்க ரொம்ப நேரம் ஆகும், வருஷா வருஷம் சந்தா வேற. சொந்தக் காசுல கட்டாதீங்க, ஆபீஸ் கட்டினா நல்லா உபயோகிங்க, இதான் என் முடிவு.

வெப்ட்யூவி கதை கொஞ்சம் வேற. ட்யூவி 23ஆம் பதிப்பு 2011ல 4 வால்யூமா வந்துச்சு, பழைய செட் ஒன்னு கையில கிடைச்சாலே சின்ன லைப்ரரிக்கு பல வருஷம் ஓடும். நம்ம சாரங்கபாணி புத்தகத்துக்கு 070.92, பத்திரிகைக்காரரோட வாழ்க்கை வரலாறு, அஞ்சு நிமிஷ வேலை. ஆனா தமிழ் நாவல் எது வந்தாலும் 894.8113, எத்தனை நூறு நாவல் வந்தாலும் அதே நம்பர்தான், அதுக்குள்ள ஆசிரியர் பேர வச்சுதான் பிரிக்கணும், அப்ப மறுபடியும் பேரு ஸ்பெல்லிங் பிரச்சனைக்கே வந்து நிக்கிறோம். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வகைப்பாட்டுலயும் பிஎல் 4758.9னு போட்டு ஆசிரியர் பேருக்குத்தான் போகும். என்எல்பி, அதாவது தேசிய நூலக வாரியத்தோட கிளைகள்ல நீங்க பாக்குறது ட்யூவி, என்யுஎஸ் மாதிரி யுனிவர்சிட்டி பக்கம் போனா காங்கிரஸ், ரெண்டும் தெரிஞ்சு வச்சிக்கிறது நல்லது. சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1933ல போட்ட கோலன் வகைப்பாட்டுல தமிழ் இலக்கியத்துக்கு ஓ31ன்னு சுருக்கமா அழகா ஒரு எடம் இருக்கு, அத எந்த ஷெல்ஃப்லயும் இங்க நான் பாத்ததில்ல, ஆனா ஒரு புத்தகத்த எத்தனை முகமா பிரிச்சுப் பாக்கணும்னு கத்துக்க அதவிட நல்ல வாத்தியார் கிடையாது.

இன்னொன்னையும் மறக்காதீங்க. ஓசிஎல்சிங்கற லைப்ரரி கூட்டமைப்பு கிளாசிஃபைன்னு ஒரு இலவச சேவை வச்சிருந்தாங்க, புத்தகத்தோட ஐஎஸ்பிஎன் நம்பர் அடிச்சா மத்த லைப்ரரி என்ன நம்பர் போட்டிருக்காங்கன்னு காட்டும், எவ்வளவோ சின்ன லைப்ரரி அத நம்பி இருந்துச்சு, 2024ல மூடிட்டாங்க. அதனால எந்த பிடிஎஃப் கிடைச்சாலும் ஒரு காப்பி இறக்கி வச்சிக்கோங்க.

அடுத்தது சங்கங்கள். இங்க உள்ள எல்ஏஎஸ், அதாவது லைப்ரரி அசோசியேஷன் ஆஃப் சிங்கப்பூர், 1955ல மலாயன் லைப்ரரி குரூப்பா ஆரம்பிச்சு 1972ல இந்தப் பேருக்கு வந்தது. அமெரிக்காவோட ஏஎல்ஏ, அதாவது அமெரிக்கன் லைப்ரரி அசோசியேஷன், 1876ல இருந்து இருக்கு, அளவுல ரெண்டையும் பக்கத்துல வைக்கவே முடியாது, ஆனா எனக்கு எல்ஏஎஸ்தான் முதல். ஏஎல்ஏ வெபினார் சிகாகோ நேரம் மத்தியானம் ரெண்டு மணின்னா கோடைகாலத்துல நமக்கு விடிகாலை மூணு மணி, மறுநாள் வேலைக்குப் போற ஆளுக்கு இது நடக்கற காரியமா? அவங்க அமெரிக்கன் லைப்ரரீஸ் பத்திரிகைய மெம்பர் ஆகாமலே நெட்ல படிக்கலாம், அது போதும். எல்ஏஎஸ்ல கிடைக்கிறது பக்கத்துல இருக்குற மனுஷங்க. பாலிடெக்னிக்ல இருக்குறவங்க, ஸ்கூல்ல இருக்குறவங்க, கோர்ட் லைப்ரரியில இருக்குறவங்க எல்லாம் ஒரே ரூம்ல உக்காரும்போது, நீங்க இந்த சிக்கலுக்கு என்ன பண்றீங்கன்னு நேரா கேட்டுடலாம். 880 ஃபீல்டு உங்க சிஸ்டத்துல சரியா தெரியுதான்னு நான் கேட்டு கத்துக்கிட்டது அப்படி ஒரு டீ பிரேக்லதான்.

இஃப்லா உலக அளவுல நூலக சங்கங்களோட கூட்டமைப்பு, 1927ல ஆரம்பிச்சது, 2013 ஆகஸ்ட்ல அவங்க மாநாடு இங்க சிங்கப்பூர்லயே நடந்துச்சு. தனி ஆளா சேர்றத பத்தி நான் பெருசா சொல்ல மாட்டேன், ஆனா அவங்க ரெப்பாசிட்டரி, அதாவது ஆன்லைன் ஆவணக் களஞ்சியம், எல்லாருக்கும் திறந்திருக்கு. 2022ல புதுப்பிச்ச பொது நூலக அறிக்கை, 2015ல வந்த ஸ்கூல் லைப்ரரி வழிகாட்டி ரெண்டையும் இறக்கிப் படிங்க. மேலதிகாரிகிட்ட தமிழ் புத்தகத்துக்கு பட்ஜெட் கேக்கப் போகும்போது, எல்லா மொழிக்காரங்களுக்கும் நூலகம் சேவை செய்யணும்னு உலக அமைப்பு எழுதி வச்சிருக்குன்னு காட்ட ஒரு காகிதம் கையில இருக்கும்.

ஆராய்ச்சிக் கட்டுரை தேடவா, எப்ஸ்கோ கம்பெனியோட லிஸ்டா, நூலகத் துறை கட்டுரைகள தேடுற பட்டியல், அது இலவசம், முழுக் கட்டுரை வேணும்னா இ-லிஸ்னு ஒரு களஞ்சியம், அதுவும் இலவசம். அங்க கிடைக்கலன்னா என்எல்பி ஐடி போட்டு வீட்ல இருந்தே அவங்க இ-ரிசோர்ஸ்ல தேடுங்க. இதுக்கு மேல காசு வேணாம்.

படிப்புன்னு வந்தா என்டியு யுனிவர்சிட்டியோட வீ கிம் வீ ஸ்கூல்ல எம்எஸ்சி இன்ஃபர்மேஷன் ஸ்டடீஸ் இருக்கு, பல ஆயிரம் வெள்ளி, வேலை பாத்துக்கிட்டே பார்ட் டைமா படிச்சா சாயங்காலமெல்லாம் போயிடும். லைப்ரரியன்னு போஸ்டிங் வேணும், அடுத்த படிக்குப் போகணும்னா அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு, இல்லைன்னா அவசரப்படாதீங்க. ஓசிஎல்சி நடத்துற வெப்ஜங்ஷன் இலவசம், ஆனா பெரும்பாலும் அமெரிக்காவோட சின்ன ஊரு பொது நூலகத்த மனசுல வச்சு செஞ்சது, கவுண்டர்ல ஜனங்கள எப்படி கவனிக்கிறதுங்கற மாதிரி பாடத்துக்கு நல்லாருக்கும்.

நான் யாரு கேட்டாலும் முதல்ல கை காட்டுறது லைப்ரரி கார்பென்ட்ரி, லைப்ரரிக்காரங்களுக்கு டேட்டா வேலை சொல்லித் தர்ற பாடங்கள். பாடமெல்லாம் நெட்ல திறந்தே கிடக்கு, அதுல ஓப்பன்ரிஃபைன்னு டேட்டாவ சுத்தம் பண்ற ஒரு இலவச சாஃப்ட்வேர சொல்லித் தர்றாங்க. ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து படிச்சுட்டு, அந்த சங்கத்து 400 ரெக்கார்டயும் எக்செல்ல இருந்து அதுல ஏத்தினேன். கிளஸ்டர்னு ஒரு பட்டன், அத அமுக்கினா கமா, புள்ளி, முன்ன பின்ன மாறின இனிஷியல் எல்லாத்தையும் கண்டுக்காம ஒரே மாதிரி இருக்குற பேர எல்லாம் கூட்டமா கொண்டு வந்து நிறுத்துது, இன்னொரு முறைய தேர்ந்தெடுத்தா கடைசியில ஐ போட்டதும் ஒய் போட்டதும் ஒன்னா சேருது. சாரங்கபாணி அஞ்சு ஸ்பெல்லிங்ல இருந்தார், ஒருத்தராக்கினேன். ழ-வுக்கு சிலர் இசட் ஹெச் போட்டது, சிலர் வெறும் எல் போட்டது, அது மட்டும் மெஷினுக்குப் பிடிபடல, அட்டவணைய பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொன்னா கையால திருத்தினேன், மூணு சனிக்கிழமை ஆச்சு. இப்ப அங்க கோ. போட்டாலும் ஜி போட்டாலும் அந்தப் புத்தகம் வருது, அந்த ஐயா திரும்பி வந்தா எடுத்துக் குடுக்கச் சொல்லி கவுண்டர்ல இருக்குற தம்பிகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.