தட்டுவடை செட்டும் மூணாவது வேட்பாளரும்: குகைப் பக்கம் ஓர் அக்கா கடை

சாப்பிடும் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை தானாக அமெரிக்காவுக்குப் போய்விடும்.

தட்டுவடை செட் என்றால் என்னவென்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மொறுமொறுவென்ற சின்னத் தட்டுவடை இரண்டு, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு பக்கம் காரச் சட்னி, இன்னொரு பக்கம் புதினா மல்லிச் சட்னி. முழுசாக வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிடலாம் என்று நினைத்தால் சட்டை காலி.

இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சேலத்தில் குகை என்ற பகுதியில் ஒரு சந்தில், தறி ஓடி நின்றுபோன பழைய வீட்டுத் திண்ணைதான் கடை. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ‘அக்கா கடை’ என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். சாதா செட், பூண்டு செட், முறுக்கு செட், நொறுக்கல், முட்டை நொறுக்கல், சீசனில் மாங்காய் செட். பிளேட் நாற்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். பூண்டு செட்தான் கடையின் மானம். பூண்டை வதக்காமல் பச்சையாக மிளகாயோடு அரைக்கிறார், அதனால் காரம் நாக்கில் ஏறுவதற்கு முன்பே மூக்கில் ஏறிவிடுகிறது. முறுக்கு செட்டைத் தவிர்த்துவிடுங்கள். முறுக்கை எங்கிருந்தோ வாங்கிப் போடுகிறார், மழை நாளில் நமத்துப்போய் இருக்கும். கூட்டம் ஏறினால் புதினாச் சட்னியில் தண்ணீரும் ஏறும். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். “கண்ணு, எட்டு மணிக்கு வந்துட்டு அஞ்சரைச் சட்னி கேட்டா?” என்றார்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடைச் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது: ‘உள்ளூர்க் கட்சி பேசக் கூடாது’. அதை அச்சடித்துக் கொடுத்தவன் நான். செவ்வாய்ப்பேட்டையில் சின்ன ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறேன். காசு வாங்கவில்லை. அதனால் இந்த விமர்சனத்தில் கொஞ்சம் சாய்வு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சட்டமன்றத் தேர்தல் சமயம் இரண்டு பேர் பெஞ்சைத் தூக்கும் அளவுக்குப் போன பிறகுதான் அக்கா அந்த அட்டையைக் கேட்டார். வாய் சும்மா இருக்குமா? தடை உள்ளூருக்குத்தானே என்று அன்று முதல் எல்லோரும் அமெரிக்கா பேச ஆரம்பித்தார்கள். புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்தத் திண்ணையில் யாராவது ‘பெரோ’ என்றால், சொல்கிறவர் மனசில் இருப்பது டெக்சாஸ் கோடீஸ்வரர் ராஸ் பெரோவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரோ 1992-ல் கட்சியே இல்லாமல் நின்று 18.9 சதவீத ஓட்டு வாங்கினார், கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். ஆனால் எலக்டர் ஓட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. (அங்கே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது எலக்டர்கள்தான், பெரும்பாலான மாநிலங்களில் அதிக ஓட்டு வாங்கியவருக்கே அந்த மாநிலத்து எலக்டர் எல்லாம் போய்விடும்.) ‘பெரோ கூட்டணி வெச்சிருந்தா எங்கியோ போயிருப்பாரு’ என்று ஒருவர் பெருமூச்சு விட்டால், 2006-ல் தனியாக நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாங்கிய விஜயகாந்தை நினைத்துக்கொள்ள வேண்டும். 2024 அக்டோபர் 27-ஆம் தேதி விக்கிரவாண்டியில் விஜய் மாநாடு நடந்ததே, அந்த வாரம் முழுக்கத் திண்ணையில் பெரோவைத் தவிர வேறு பேச்சில்லை. அக்காவுக்கு எல்லாம் புரிகிறது. பெஞ்சு தரையில் இருக்கிற வரைக்கும் அவர் கண்டுகொள்வதில்லை.

தினசரி ஆட்கள் நாலைந்து பேர். அவர்களில் முக்கியமானவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். மகள் மிச்சிகனில் இருக்கிறாள், மாப்பிள்ளைக்கு அங்கே கார் கம்பெனியில் வேலை. மாப்பிள்ளை 2016-ல் ஹிலாரி கிளின்டனும் வேண்டாம், டிரம்ப்பும் வேண்டாம் என்று பசுமைக் கட்சி ஜில் ஸ்டைனுக்குப் போட்டுவிட்டார். மாமனார் இன்னும் மன்னிக்கவில்லை.

“மிச்சிகன்ல டிரம்ப் ஜெயிச்சது 10,704 ஓட்டுல. ஸ்டைன் வாங்குனது 51,463. விஸ்கான்சின்ல வித்தியாசம் 22,748, ஸ்டைனுக்கு 31,072. பென்சில்வேனியா 44,292, ஸ்டைனுக்கு 49,941. மூணு மாநிலமும் சேர்ந்தா 46 எலக்டர். அப்புறம் ஹிலாரி நாடு முழுக்க 28 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கி என்ன பிரயோஜனம்?” வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். கையில் பூண்டு செட் இருந்தாலும் ஒரு எண் தவறாது.

இதற்கு ஸ்டீல் பிளாண்ட்டில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் சொல்லும் பதில்தான் இந்தக் கடையில் எனக்குப் பிடித்த ஐட்டம். “ஸ்டைன் ஓட்டெல்லாம் ஹிலாரி வீட்டுச் சொத்துன்னு யாருங்க பட்டா போட்டுக் குடுத்தது? அதே மிச்சிகன்ல லிபர்டேரியன் கட்சி கேரி ஜான்சன் 1,70,000-க்கு மேல வாங்குனான். அதுல பாதியத் தூக்கி டிரம்ப் பக்கம் வெச்சுப் பாருங்க, உங்க கணக்கு என்னாவும்? ஸ்டைன் நிக்கலேன்னா உங்க மாப்ள வீட்டுலயே படுத்திருப்பாரு.”

“ஜான்சனா? சிரியாவுல இருக்கற அலெப்போன்னா என்னான்னு டிவியில கேட்டானே, அவனா?”

“அதுக்கும் மேல ஓட்டு விழுந்துதுன்னா மத்த ரெண்டு பேரு மேல எவ்ளோ கடுப்பு இருந்திருக்கும், யோசிங்க.”

2000-ஆம் ஆண்டு ஃப்ளோரிடா வந்தால் மட்டும் ஃபோர்மேனின் குரல் கொஞ்சம் இறங்கும். அல் கோரைப் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில், மூன்றாவதாக நின்ற ரால்ஃப் நேடர் வாங்கியது 97,488. இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் ‘பாதிப் பேர் வீட்டிலேயே படுத்திருப்பார்கள்’ என்றாலும் மீதி போதுமே. “சரி, அது ஒண்ணு உங்களுக்கு” என்று விட்டுக்கொடுப்பார்.

இதில் என் கட்சி ஃபோர்மேன் கட்சிதான். தொழிலில் பார்த்ததால் சொல்கிறேன். தேர்தல் நோட்டீசில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் யார் எதற்கு நிற்கிறார் என்று பிரஸ்காரனுக்கு ஓரளவு தெரிந்துவிடும். ஓட்டைப் பிரிப்பதற்காகவே நிறுத்தப்படுகிற ஆட்கள் உண்டு. பெரிய வேட்பாளரின் பெயரும் இனிஷியலும் அப்படியே உள்ளவரைத் தேடிப் பிடித்து மனுப் போட வைப்பார்கள். 2024-ல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் இன்னும் சிலர் நின்றார்கள். அது வேறு சமாச்சாரம். ஆயிரம் நோட்டீஸுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, மீதிக்குத் தவணை கேட்கிற சுயேச்சையும் என் கடைக்கு வருவார். அவர் யாருடைய ஓட்டையும் பிரிக்க வரவில்லை, தனக்கென்று நாலு பேர் இருக்கிறார்களா என்று பார்க்க வருகிறார். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தி ‘ஓட்டைப் பிரிச்சுட்டான்’ என்று திட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

நம் மாவட்டத்திலேயே மேட்டூர் பத்மராஜன் இருக்கிறாரே. டயர் தொழில் செய்கிறவர், 1988 முதல் 200-க்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்று தோற்றிருக்கிறார். குடியரசுத் தலைவர் தேர்தலுக்கே மனுப் போட்டவர். அதற்கு 50 பேர் முன்மொழிய, 50 பேர் வழிமொழிய வேண்டும், எல்லோரும் எம்.பி., எம்.எல்.ஏ.வாக இருக்க வேண்டும், 15,000 ரூபாய் டெபாசிட் வேறு. மனு தள்ளுபடி ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? பக்கத்து ஈரோட்டு மாவட்டத்தில் 1996-ல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள், பெரும்பாலும் விவசாயிகள். வாக்குச்சீட்டே புத்தகமாகிவிட்டது. பிரஸ்காரன் என்ற முறையில் அந்த ஆர்டரை நினைத்தால் இன்றும் வயிறு கலக்குகிறது.

ஒரு நாள் பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேயே நின்றபோது, கல்லூரியில் அரசியல் பாடம் எடுக்கும் அம்மா ஒருவர் பார்சலுக்காகக் காத்திருந்தார். அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆர்டர் வாங்கும்போதே, “பூண்டு தீந்துட்டா என்ன குடுக்கட்டும்?” என்று கேட்டுவைத்துக்கொள்வார். நாம் சாதா என்றோ நொறுக்கல் என்றோ சொல்லிவைப்போம். அந்த அம்மா இதைக் காட்டி, “அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலத்துல இந்தக் கேள்விய யாரும் கேக்கறதில்ல, அதான் பிரச்சினை” என்றார். மெய்ன் மாநிலத்தில் 2020 முதல் ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று வரிசை போடலாம், அலாஸ்காவிலும் போடலாம். முதலில் குறித்தவர் கடைசியாக வந்தால் அந்த ஓட்டு இரண்டாவது ஆளுக்குப் போகும். மாப்பிள்ளை ஸ்டைனுக்கு 1, ஹிலாரிக்கு 2 என்று போட்டிருந்தால் மாமனாருக்கு வாய்ப்பாடே தேவைப்பட்டிருக்காது.

“நம்ம ஊர்லயும் உண்டே, ஜனாதிபதிக்கு” என்று அவரே தொடர்ந்தார். 1969-ல் சுயேச்சையாக நின்ற வி.வி. கிரிக்கு முதல் சுற்றில் பாதி வரவில்லை, இரண்டாம் விருப்ப ஓட்டை எண்ணித்தான் சஞ்சீவ ரெட்டியை வென்றார். எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும் கொடுத்த பேனாவை நமக்கு ஏன் கொடுக்கவில்லை என்று ஃபோர்மேன் கேட்டார். அட்டையைக் காட்டி அக்கா முறைத்ததால் அந்தக் கேள்வி அங்கேயே நின்றுவிட்டது.

பெஞ்சின் ஓரத்தில் எப்போதும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெயின்டர் ஒருவர் அன்றுதான் வாய் திறந்தார். மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் இருப்பவர். “எங்கட நாட்டில எப்பவும் அப்பிடித்தான். ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு போடலாம். 2024 செப்டம்பர்லதான் முதல் முறையா ரெண்டாம் ஓட்டு எண்ண வேண்டி வந்தது” என்றார். 2019-ல் வெறும் 3 சதவீதம் வாங்கிய அநுர குமார திசாநாயக்க 2024-ல் 42.31 சதவீதம் வாங்கினார். பாதியைத் தாண்டாததால் முதல் இரண்டு பேரைத் தவிர எல்லோரையும் நீக்கிவிட்டு, அவர்களுடைய ஓட்டில் இரண்டாவது மூன்றாவது யார் என்று பார்த்தார்கள். அநுரவுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம், சஜித் பிரேமதாசவுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். நீக்கப்பட்டவர்களின் ஓட்டு முப்பது லட்சத்தையும் தாண்டும். “சனம் ஒண்டோட நிப்பாட்டிப் போடும். ரெண்டு போட்டா ஒண்டுக்குத் துரோகம் எண்டு நினைப்பு” என்றார். எண்ணும் முறையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கிளம்பிய எங்களுக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. அவருக்கு அங்கேயும் ஓட்டு இல்லை, இங்கேயும் இல்லை. அன்று அவருடைய பிளேட்டுக்கு அக்கா காசு வாங்கவில்லை.

நோட்டாவையும் விட்டுவிடக் கூடாது. நமக்கு 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் வந்தது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ‘இவர்களில் யாரும் இல்லை’ என்ற வரி 1970-களிலிருந்தே வாக்குச்சீட்டில் இருக்கிறது. அங்கே 2016-ல் ஹிலாரி ஜெயித்தது 27,202 ஓட்டில், யாரும் இல்லை என்றவர்கள் 28,863 பேர். இதைக் கேட்ட வங்கிக்காரர், “பாத்தீங்களா, அங்க எதுவும் கெடல” என்றார். தனக்குப் பிடித்தவர் ஜெயித்தால் மூன்றாவது ஓட்டு குற்றமில்லை போலிருக்கிறது.

2024 நவம்பர் 6-ஆம் தேதி, அமெரிக்கத் தேர்தல் முடிவு வந்த அன்று, சாயங்காலம் கடை நிரம்பி வழிந்தது. ஜூலை வரை பைடனா டிரம்ப்பா, ரெண்டுமே வேண்டாம் என்று சலித்துக்கொண்டிருந்தவர்கள், கமலா ஹாரிஸ் வந்த பிறகு துளசேந்திரபுரத்துப் பேத்தி என்று ஒரு பக்கம் சாய்ந்திருந்தார்கள். சுயேச்சையாக நின்ற ராபர்ட் கென்னடி ஜூனியர் ஆகஸ்டிலேயே ஒதுங்கிக்கொண்டு டிரம்ப் பக்கம் போய்விட்டார். ஆனாலும் மிச்சிகன் வாக்குச்சீட்டில் அவர் பெயர் அப்படியே இருந்தது, வெள்ளிக்கிழமை தீர்ந்துபோன மாங்காய் செட் சனிக்கிழமையும் போர்டில் இருப்பதைப் போல. வங்கிக்காரர் மாப்பிள்ளை இந்த முறை ஹாரிஸுக்குத்தான் போட்டாராம். மிச்சிகனில் டிரம்ப் சுமார் 80,000 ஓட்டில் ஜெயித்தார். ஸ்டைன் வாங்கிய எல்லாவற்றையும் ஹாரிஸுக்குக் கொடுத்தாலும் எட்டாது. அரபு மக்கள் நிறைய வாழும் டியர்போர்ன் நகரத்தில் மட்டும் காஸாவை மனசில் வைத்து ஸ்டைனுக்குச் சுமார் 18 சதவீதம் விழுந்தது. அங்கேயும் முதலில் வந்தவர் டிரம்ப்தான். வங்கிக்காரருக்குத் திட்ட ஆள் கிடைக்கவில்லை. இரண்டு பிளேட் பூண்டு செட் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போனார்.

இனி உபயோகமான விஷயங்கள். வண்டியைச் சந்துக்குள் கொண்டுபோகாதீர்கள், திருப்ப முடியாது. கியூஆர் அட்டை இருக்கிறது, ஆனால் சில்லறை கொடுத்தால் அக்கா முகம் மலரும். பார்சலுக்கு வாழை இலை வைத்துக் கட்டுகிறார். என் பிரஸ் வேஸ்ட் தாளைத்தான் முதலில் கேட்டார், மை சாப்பாட்டில் ஒட்டும் என்று நான் கொடுக்கவில்லை. பார்சல் வாங்கினால் சட்னியைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வீடு போவதற்குள் தட்டுவடை ஊறிவிடும். குழந்தைகளுக்குச் சாதா செட், காரம் குறைத்து. பூண்டு செட் ஏழு மணிக்குள் தீர்ந்துவிடும். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன், முறுக்குக்கு அரை, தண்ணீர்ச் சட்னிக்கு அரை கழித்து. தேர்தல் பேச்சே ஆகாது என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை போங்கள், அன்றைக்கு ஃபோர்மேன் வரமாட்டார்.