மேசனா, எல்லா வேலையும் செய்யும் தம்பியா? ஒரு கல்லடி வீட்டுக் கணக்கு

எங்கள் வீடு மட்டக்களப்பு கல்லடியில். கிழக்கே கொஞ்சம் நடந்தால் கடல், மேற்கே கொஞ்சம் நடந்தால் வாவி. காணி வாங்கிய காலத்தில் அப்பா இதைப் பெருமையாகச் சொல்வார். வீட்டைப் பராமரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்த பிறகு எனக்குத் தெரிவதெல்லாம் கேற் பிணைச்சல், யன்னல் கொளுக்கி, மோட்டரின் அடித்தட்டு என்று வரிசையாகத் துருப்பிடிக்கும் சாமான்கள்தான். இங்கே வீட்டு வேலை ஓயாது. அதனால் யாரைக் கூப்பிடுவது என்பது எங்களுக்கு மாதத்துக்கு ஒருமுறையாவது வரும் கேள்வி.

எங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் தம்பி. குழாய் வாஷர் மாற்றுவான், கூரைப் பீலியில் அடைத்த இலையை அள்ளுவான், வேலி கட்டுவான், புல் வெட்டுவான், தேவைப்பட்டால் சாந்தகப்பையும் பிடிப்பான். போன் எடுத்தால் பின்னேரம் வந்து நிற்பான். மற்றது, தொழில் தெரிந்த மேசன். எங்களுக்கு வாய்த்தவர் ஏறாவூரில் இருந்து வரும் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). அறுபது வயதைத் தாண்டியவர், நாட்சம்பளம் கூட, அவர் சொல்லும் நாளுக்குத்தான் வருவார். இரண்டு பேரையும் ஒரே இடத்தில், ஒரே வேலைக்கு வைத்துப் பார்த்தவன் நான். அந்த இடம் எங்கள் விறாந்தைக்கு மேலே இருக்கும் கொங்கிறீற் பிளேட்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வாஷர், பீலி, வேலி, மதில் வெள்ளையடிப்பு, இதுக்கெல்லாம் தம்பி போதும். மேசனைக் கூப்பிட்டால் அவருக்கும் சலிப்பு, நமக்கும் காசு நட்டம். மின்சார வேலையில் பேச்சே இல்லை, 230 வோல்ட்டோடு யாரும் கைப்பழக்கம் பழகக்கூடாது. படித்த வயரிங்காரரைத்தான் கூப்பிட வேண்டும், என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. (போகிற போக்கில் ஒன்று: மின்சாரம் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்சில் சோதித்துப் பார்க்க ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அமத்தியும் சுவிட்ச் விழவில்லையென்றால் இந்த அலசலை விட்டுவிட்டு முதலில் ஆளைக் கூப்பிடுங்கள்.) ஓடு மாற்றும் வேலை இரண்டுக்கும் நடுவில். உடைந்த நாலு ஓட்டைத் தம்பி மாற்றுவான், கைமரமும் சிலாகையும் இத்துப் போயிருந்தால் மரவேலை செய்யும் ஓடாவியார்தான் வேண்டும்.

சரி, பிளேட்டுக்கு வருவோம்.

2021 ஆவணியில் விறாந்தை பிளேட்டின் அடிப்பக்கம் மண்ணிறத்தில் ஒரு கோடு ஓடியது. ஒரு கை அகலத்துக்குப் பூச்சு உப்பி நின்றது. அடுத்த மாதம் வீட்டில் ஒரு விசேஷம், சனம் வரும். தம்பியைக் கூப்பிட்டு, "இதைப் பூசித் தா, பார்க்க வடிவா இருந்தாப் போதும்" என்றேன். உப்பியதைத் தட்டி விழுத்தினான். மூலையில் கிடந்த அரைப் பை சீமெந்தை எடுத்துக் கட்டி உடைத்து, கிணற்றுத் தண்ணியில் குழைத்து அப்பினான். அடுத்த நாள் தீந்தை அடித்தான். பேசிய காசு ஆறாயிரம். வேலை உண்மையிலேயே வடிவாகத்தான் இருந்தது. வந்தவர்களில் ஒருவருக்கும் அந்த இடம் கண்ணில் படவில்லை.

2023 தை மாதம், மழை விட்ட ஒரு காலையில், அந்த இடம் முழுத்தகடாகக் கழன்று விழுந்தது. நல்ல காலம், அம்மா அந்தக் கதிரையில் இருக்கவில்லை.

தம்பியில் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. நான் கேட்டதை அவன் செய்தான், கேட்டது பிழை. அதோடு அந்த அரைப் பை சீமெந்து எத்தனை மாதமாகக் கிடந்தது என்று எனக்கே தெரியாது. மூன்று மாதத்துக்கு மேல் வைத்த சீமெந்தின் பலம் குறைந்துகொண்டே போகும், கடற்காற்றின் ஈரத்தில் அதைவிடச் சீக்கிரம் கட்டி பிடிக்கும். கட்டியை உடைத்துக் குழைத்தால் அது சீமெந்து நிறத்தில் இருக்கும் மண், அவ்வளவுதான்.

காக்கா வந்து பார்க்கவே மூன்று கிழமை எடுத்தது. அது மாசி மாதம், பெரும்போக வெள்ளாண்மை வெட்டு. அவருடைய கையாட்கள் எல்லாரும் வயலில். வந்தவர் முதலில் கையில் எடுத்தது சின்னச் சுத்தியல். விழுந்த இடத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விழாத இடத்தைத் தட்டிக்கொண்டே போனார். "டிங், டிங்" என்று போய்க்கொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் "டொப்" என்று மாறியது, வெறும் பெட்டியைத் தட்டுவது மாதிரி. அங்கே காபன் பென்சிலால் கோடு போட்டார். இப்படியே தட்டித் தட்டிக் கோட்டை இணைத்து முடித்தபோது நான் ஒரு கை அகலம் என்று நினைத்திருந்த பழுது ஒரு கதவு அளவுக்கு இருந்தது.

"தம்பி, மேல ஒண்டுமில்ல. உள்ளுக்குக் கம்பி ஊதுது. நீங்க பூசப் பூச அது தள்ளிக்கொண்டே வரும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

இதற்குள் இருக்கும் விஷயம் இதுதான். நல்ல கொங்கிறீற்றுக்குக் காரத்தன்மை உண்டு, அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கும். கடற்காற்றில் வரும் உப்பு மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் அந்தக் காவல் போய்விடும். இரும்பு துருவானால் முன்பிருந்ததைப்போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். இடம் போதாமல் கொங்கிறீற்றைப் பிளந்துகொண்டு வெளியே வரும். எங்கள் பிளேட்டில் இன்னொரு குறையும் இருந்தது. போட்ட காலத்தில் கம்பிக்குக் கீழே, அதைத் தூக்கிப் பிடிக்கும் கவர் கட்டை வைக்கவில்லை. சில இடத்தில் கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே கால் அங்குலம் கூட இல்லை. தம்பி உப்போடும் துருவோடும் கிடந்த கம்பிக்கு மேலேயே பூசினான். அதுவும் எங்கள் கிணற்றுத் தண்ணியில், கோடையில் வாயில் வைக்க முடியாத உவர் அது. துருவைப் பெட்டிக்குள் பூட்டி உப்பையும் ஊட்டிவிட்ட மாதிரி.

ஆனி மாதம் வேலை தொடங்கியது. காக்கா முதலில் பிளேட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். ஒரு நாள் முழுக்க உளியால் கொத்தியது மட்டும்தான். கம்பியின் முன்பக்கம் தெரிந்தால் போதாது, கம்பிக்குப் பின்னால் விரல் போய் வர வேண்டும் என்றார். இரண்டாம் நாள் வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணியால் கழுவி, துரு தடுக்கும் பிறைமர் பூசினார். பத்து மில்லிமீற்றர் கம்பியில் இரண்டு, ஈர்க்கில் போலத் தேய்ந்து கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் புதுக்கம்பி வைத்து, நல்ல பகுதியோடு பதினாறு அங்குலம் சேர்த்துக் கட்டினார். கம்பியின் பருமனைப்போல நாற்பது மடங்கு என்பது அவருடைய கணக்கு. மூன்றாம் நாள் பழைய கொங்கிறீற்றை நனைத்து, சீமெந்துப் பால் அடித்து, புதுச் சீமெந்தும் ஆற்று மணலும் ஒன்றுக்கு மூன்றாகக் கலந்து, அரை அங்குல அரை அங்குலமாக ஏற்றினார். ஒவ்வொரு படையையும் கீறிவிட்டுத்தான் அடுத்தது. நாலாம் நாள் முடிப்பு.

ஆனியில் கச்சான் காற்று அடிக்கும். பின்னேரம் ஆனால் அடுப்பு வாயில் நிற்கிற மாதிரி இருக்கும். அந்தக் காற்றில் புதுப்பூச்சு ஒரு மணித்தியாலத்தில் வெளுத்து வெடித்துவிடும் என்று, நனைத்த சாக்கைப் பலகை வைத்து அடியில் நெருக்கிப் பிடித்துக் கட்டச் சொன்னார். ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணி அடிப்பது என் வேலை. மூன்றாம் நாள் நான் மறந்துபோனேன். அவர் எப்படியோ அன்று பார்த்துப் போன் எடுத்தார்.

செலவு: மேசனுக்கு நாளுக்கு நாலாயிரம், கையாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, நாலு நாள், ஆகக் கூலி இருபத்தாறாயிரம். சாமான் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. மொத்தம் முப்பத்தையாயிரத்து ஐந்நூறு. தம்பிக்குக் கொடுத்ததைப்போல ஆறு மடங்கு. ஆனால் தம்பியின் ஆறாயிரம் ஒன்றரை வருடத்தில் தரையில் கிடந்தது. அந்த ஒன்றரை வருடமும் துரு நிற்கவில்லை. 2021இலேயே கொத்தியிருந்தால் அந்த இரண்டு கம்பியும் தப்பியிருக்கலாம் என்று காக்கா சொன்னார். கடலோர வீட்டில் மலிவான ஒட்டு வேலையின் உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது. பழுது காத்திருக்காது, பூச்சுக்குப் பின்னால் வளர்ந்துகொண்டிருக்கும். வாஷரைப் பிழையாகப் போட்டால் தண்ணி சொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். கம்பி சத்தம் போடாது.

சம்பளம் பேசும் முறையிலும் ஒன்று விளங்கியது. இப்படிப்பட்ட வேலையைக் கொந்தராத்துக்குக் கொடுக்கக்கூடாது. கொத்திப் பார்க்கும் வரை பழுது எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது. மொத்தக் காசு பேசிவிட்டால் செய்பவருக்குக் குறைவாகக் கொத்துவதில்தான் இலாபம். நாட்சம்பளம் என்றால் இன்னும் நாலு அங்குலம் தள்ளிக் கொத்த அவருக்குத் தயக்கம் வராது. தீந்தை அடிப்பது, மதில் கட்டுவது மாதிரி அளவு தெரிந்த வேலைக்குக் கொந்தராத்து நல்லது. அதைத் தம்பியோடும் பேசலாம்.

காக்காவின் பக்கம் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். வருகிறேன் என்ற நாளில் பாதி நாள்தான் வருவார். வெள்ளிக்கிழமை ஜும்மாவோடு வேலை முடிந்தது. புரட்டாதி, ஐப்பசியில் மாரிக்கு முந்திக் கூரை பார்க்க ஊரே அவரைத் தேடும், அப்போது பிடிக்கவே ஏலாது. பித்தளைக் குழாய் இறுக்கத் தெரியுமா என்று கேட்டால் முறைப்பார். தவிர, அந்தப் பிளேட் இரண்டு மாரியைத் தாண்டியிருக்கிறது, இரண்டு மட்டும்தான். இருபது வருடம் நிற்கும் என்று நான் எழுதிக்கொடுக்க முடியாது. உப்பு ஏறிய பழைய கொங்கிறீற்றில் ஒட்டுப் போட்டால், ஒட்டுக்கு அடுத்த பக்கத்தில் புதிதாகத் துரு தொடங்குவதும் உண்டு. இதைக் காக்காவே சொல்லித்தான் போனார். வருடத்துக்கு ஒருமுறை சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொன்னார்.

தம்பியை நாங்கள் விட்டுவிடவில்லை. பிளேட்டின் மேற்பக்கம் தண்ணி நிற்பதற்குக் காரணமே வடிகுழாயை அடைத்த வேப்பிலைதான் என்று பிறகு தெரிந்தது. இப்போது ஆவணி கடைசியில் ஒருமுறையும் மாரி நடுவில் ஒருமுறையும் ஏறி அதைத் துப்பரவாக்குவது அவன் வேலை. மேசனை வைத்துச் செய்தது நிற்க வேண்டுமென்றால் அந்த வேலை நடக்க வேண்டும். அதுக்கு நாலாயிரம் ரூபாய்க்காரர் வரமாட்டார்.

மேசனைத் தேடுபவர்களுக்கு ஒன்று. சான்றிதழைவிட, அவர் ஐந்து வருடத்துக்கு முதல் செய்த வேலை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் கடலுக்குக் கிட்ட உள்ள வீட்டில். புதுப்பூச்சு எல்லாருடையதும் வடிவாகத்தான் இருக்கும். பழுதைப் பார்க்க வரும்போது அவர் எதை முதலில் கையில் எடுக்கிறார் என்றும் பாருங்கள்.

போன மாதம் நானே சின்னச் சுத்தியலோடு ஏணியில் ஏறினேன். ஒட்டுப் போட்ட இடம் "டிங்". அதற்கு வடக்கே இரண்டடி தள்ளி, குசினிப் பக்கமாக, ஓரிடத்தில் சத்தம் கொஞ்சம் மாறுகிறது. "டொப்" என்றும் சொல்ல முடியாது. காபன் பென்சிலால் கோடு போட்டுவிட்டு ஏறாவூருக்குப் போன் எடுத்தேன். பெருநாள் முடிய வருகிறாராம்.