எஸ்டிசி-3008: ஒரே பெட்டியில் இரண்டு வெப்பநிலை

லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லியின் தொட்டிக்கு இரட்டை வெப்பநிலைக் கட்டுப்பாட்டுப் பெட்டியை வீட்டிலேயே செய்ய எஸ்டிசி-3008 மாட்யூல் தாராளமாகப் போதும். வெப்பத்தை அளக்க இரண்டு சென்சார், ஹீட்டர்களை ஆன்-ஆஃப் செய்ய இரண்டு ரிலே (தானியங்கி சுவிட்ச்). 220 வோல்ட் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

பலரும் தடுமாறுவது வயரிங்கில்தான். ரிலே முனைகளில் கரன்ட் தானாக வராது; ஃபேஸிலிருந்து இரண்டுக்கும் துண்டு வயர் போட்டு இணைக்க வேண்டும். அதற்கு முன்னால் ஃபியூஸ் கட்டாயம்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் ஹீட் மேட்டுக்கு (சூடேறும் விரிப்பு) 31 டிகிரியில் ஆன், 32-ல் ஆஃப். இரவில் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டருக்கு 21-ல் ஆன், 23-ல் ஆஃப். மேட் சென்சாரைத் தொட்டிக்குள், மேட்டுக்கு நேர் மேலே உள்ள டைல்ஸில் அசையாமல் ஒட்டுங்கள். கழன்று குளிர்ந்த பக்கம் விழுந்தால் மேட் நிற்காமல் சூடேறும், கெக்கோவின் வயிறு வெந்துவிடும், பாவம். ரிலே ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொண்டாலும் இதே ஆபத்து. மேட்டோடு, சூடு மிஞ்சினால் கரன்ட்டைத் துண்டிக்கும் ஒரு தெர்மல் ஃபியூஸையும் சேருங்கள்.

வெளிச்சம் தரும் பல்புக்கு இது வேண்டாம், விட்டுவிட்டு எரியும்.