பனிப் பள்ளத்தாக்குல ரயிலா, பஸ்ஸா?

ஜப்பான்ல ஃபுகுஷிமா மாகாணத்துல, ததாமி ஆத்தோரம் கனேயாமான்னு ஒரு மலை ஊர். மொத்தமே 2,000 பேர் கூட இல்ல, பாதிக்கு மேல வயசானவங்க. 2011 ஜூலை மழையில ஆத்துப் பாலம் மூணு அடிச்சிட்டுப் போச்சு, ஐசு-கவாகுச்சி ஸ்டேஷன்லருந்து ததாமி ஸ்டேஷன் வரைக்கும் 27.6 கிலோமீட்டர் ரயில் நின்னுபோச்சு. ரயிலத் திரும்ப ஓட வைக்கிறதா, இல்ல பஸ்ஸே போதுமா, அப்போ வந்த கேள்விதான் இது.

பஸ்ஸுன்னா செலவு கம்மி, நிறுத்தமும் வீட்டுக்குப் பக்கமாவே வச்சிக்கலாம், கால் வலிக்கிற பாட்டிக்கு இது பெரிய விஷயம்ங்க. 11 வருஷம் பஸ்தான் ஓடுச்சு.

ரயிலுக்கு சுமார் 900 கோடி யென். சீரமைச்சு 2022 அக்டோபர் 1ல திரும்ப ஓடுது, தண்டவாளம் இப்போ மாகாணத்தோட சொத்து, ரயில் ஓட்டுறது மட்டும் ஜேஆர்ங்கிற ரயில் கம்பெனி. அந்தப் பகுதியில ஒரு நாளைக்கு மூணு தடவ போயி மூணு தடவ வருது, அவ்ளோதான், ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்கு இது பத்தாதுன்னு எனக்கும் தெரியுது.

ஆனா பனிக்காலத்த நெனச்சுப் பாருங்க. ததாமியத் தாண்டி பக்கத்து மாகாணமான நீகாட்டா பக்கம் போற 252ஆம் நம்பர் ரோட்ட மலை உச்சியில பனிக்காக மாசக்கணக்குல மூடிடுவாங்க, பஸ் என்ன கார் கூட போகாது, பனி ரொம்ப மோசமா இல்லேன்னா ரயில் மட்டும் 6 கிலோமீட்டருக்கு மேல நீளமான சுரங்கத்துல பூந்து அந்தப் பக்கம் போயிடும். பச்சை ஆத்துக்கு மேல, வெள்ளை மலைக்கு நடுவுல ஒத்தப் பெட்டி வண்டி பாலத்துல ஊர்ந்து வர்றதப் பாக்க வெளியூர்க்காரங்க வேற வர்றாங்க. அதனால என் ஓட்டு ரயிலுக்குத்தான், ஸ்டேஷன்லருந்து வீட்டு வாசல் வரைக்கும் ஒரு சின்ன வேனும் சேத்து விட்டா இன்னும் நல்லாருக்கும்.