கவிழ்த்த டம்ளரைப் பார்த்து ஏமாந்தேன்: நாப்கின் யூனிட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

அம்பத்தூரில் வீட்டு மாடியில் சின்னதாக சானிட்டரி நாப்கின் தயாரிக்கும் யூனிட் வைத்திருக்கிறேன். நானும் நாலு பெண்களும். போன ஐப்பசியில் ஜெல் பவுடர் வாங்கியதில் நன்றாக ஏமாந்தேன். பணம் போனது ஒரு பக்கம். அந்தப் பவுடர் போட்ட நாப்கினை எத்தனையோ பெண்கள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போனார்களே, அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மேலே டாப் ஷீட், அதாவது நெய்யாத நான்வோவன் துணி, அடியில் பிளாஸ்டிக் ஷீட், நடுவில் மரக்கூழ். பைன் மரத்து நீளநார்க் கூழ் ரோலாக வரும். மில்லில் போட்டு அடித்தால் இலவம்பஞ்சு மாதிரி பூத்துவிடும். ஈரத்தை வேகமாக இழுப்பது அந்தப் பஞ்சுதான். ஆனால் மேலே உட்கார்ந்தால் இழுத்ததைக் கக்கிவிடும். கக்காமல் பிடித்து வைக்கத்தான் பவுடர். சோடியம் பாலிஅக்ரிலேட் என்று பெயர். நாங்கள் எஸ்.ஏ.பி. என்போம், இல்லாவிட்டால் வெறுமனே ஜெல். ஒரு நாப்கினுக்கு நாங்கள் போடுவது ஒரு கிராமுக்கும் குறைவு.

வழக்கமாகக் கொடுப்பவரிடம் சரக்கு இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் நம்பர் கொடுத்தார். மாதவரம் பக்கம் குடோன் வைத்திருக்கும் வியாபாரி. போன் பண்ணின மறுநாளே பைக்கில் வந்துவிட்டார். பையில் இருந்து ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்தார். ஒரு ஸ்பூன் பவுடர். "கேன் தண்ணி இருக்கா மேடம்?" என்று கேட்டு வாங்கி ஊற்றினார். பத்து எண்ணுவதற்குள் தண்ணீர் இறுகிவிட்டது. டம்ளரை அப்படியே என் தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தார். ஒரு சொட்டு விழவில்லை. எங்கள் பெண்கள் கை தட்டினார்கள். நானும்தான் சிரித்தேன், பொருட்காட்சியில் மேஜிக் பார்க்கிற மாதிரி.

அவர் ஏன் கேன் தண்ணீர் கேட்டார் என்று அப்போது யோசிக்கவில்லை.

விலை மற்றவர்களைவிடக் கிலோவுக்கு முப்பது ரூபாய் குறைவு. அதற்கு மேல் ஒரு தூண்டில் போட்டார். "பில் இல்லாம போட்டுத் தரேன் மேடம், பதினெட்டு பர்சென்ட் மிச்சம். உங்களுக்குத்தான் இன்புட் எடுக்க முடியாதே." வலிக்கிற இடம் பார்த்துத்தான் தொட்டார். நாப்கினுக்கு 2018 ஜூலையில் ஜிஎஸ்டியை எடுத்துவிட்டார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விற்கிற பொருளுக்கு வரி இல்லை என்றால் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க வழி இல்லை. அது முழுக்க எங்கள் தலையில். சரி என்று தலையாட்டிவிட்டேன். தப்பு என்னுடையது, மறைக்கவில்லை. 25 கிலோ மூட்டை ஆறு. பாதி ரொக்கம், பாதி வேறு யாரோ பெயரில் இருந்த ஜிபே நம்பருக்கு.

மூன்று வாரம் கழித்து, நாங்கள் சப்ளை பண்ணும் பெண்கள் விடுதி வார்டன் கூப்பிட்டார். "இந்தத் தடவை என்னம்மா ஆச்சு? பொண்ணுங்க எல்லாம் லீக் ஆகுதுன்னு சொல்றாங்க. ஒருத்திக்கு ஜெல்லு வெளிய வந்து ஒட்டுதாம்." அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ஒரு நாப்கினைப் பிரித்துப் பார்த்தேன். பஞ்சு நடுவில் கஞ்சி மாதிரி கொழகொழவென்று இருந்தது. நல்ல ஜெல் ஜவ்வரிசி மாதிரி தனித்தனியாக நிற்கும், அமுக்கினாலும் மணி மணியாக இருக்கும். இது விரலில் ஒட்டிக்கொண்டு நூல் விட்டது. மிச்சப் பவுடரை எங்கள் போர் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். டம்ளரில் பாதிகூட இறுகவில்லை.

அவருக்குப் போன் போட்டேன். "உங்க ஏரியா தண்ணி உப்பு மேடம். உப்புத் தண்ணின்னா கம்மியாத்தான் குடிக்கும். அதோட மழைக்காலம், காத்துல ஈரம் ஏறியிருக்கும்." இரண்டுமே உண்மைதான், அதுதான் கோபம். இந்தப் பவுடர் சென்னை மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தையே குடித்துக் கட்டி தட்டும். ஆனால் தையல் பிரிக்காத மூட்டையிலும் இதே கதைதான். உப்பு விஷயத்தில் அவர் தன்னையே காட்டிக்கொடுத்துவிட்டார். ரத்தம் என்ன கேன் தண்ணீரா?

கீழ் வீட்டில் ரிட்டயர் ஆன கெமிஸ்ட்ரி டீச்சர் இருக்கிறார். அவர்தான் புரியவைத்தார். மாங்காயில் உப்புப் போட்டால் தண்ணீர் விடுகிறதல்லவா, அதே கணக்கு. பவுடருக்குள் இருக்கும் சோடியம் வெளியே இருக்கிற தண்ணீரை இழுக்கிறது. வெளியிலும் உப்பு இருந்தால் இழுவை குறைந்துபோகும். சுத்தத் தண்ணீரில் தன் எடையைப்போல் சில நூறு மடங்கு குடிக்கும் நல்ல பவுடரே உப்பு நீரில் ஐம்பது மடங்கைச் சுற்றித்தான் நிற்கும். போர் தண்ணீரில் கால்சியமும் இருந்தால் இன்னும் மோசம். ஆகவே உப்பு குறைந்த கேன் தண்ணீரில் குப்பைப் பவுடர்கூட கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு இறுகிவிடும்.

டீச்சரும் நானும் ஒரு சாயந்திரம் முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். லிட்டருக்கு 9 கிராம் உப்பு. டாப் ஷீட்டிலேயே டீ பேக் மாதிரி சின்னப் பைகள் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கிராம் பவுடர். நகைத் தராசு இரவல் வாங்கினோம். அரை மணி நேரம் ஊறவைத்து, பத்து நிமிஷம் துணிக் கிளிப்பில் தொங்கவிட்டு எடை போட்டோம். காலிப் பையையும் நனைத்து எடை பார்த்துக் கழிக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். டப்பாவில் மிச்சம் இருந்த பழைய பவுடர் ஒரு கிராமுக்கு 52 கிராம் உப்பு நீர் குடித்திருந்தது. புதுசு 23.

அதோடு விடவில்லை. நாப்கினுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 5405. 1980இல் வந்த பதிப்பை 2019இல் திருத்தினார்கள். நான் பயிற்சியில் படித்தது பழையது: நிமிஷத்துக்கு 15 மில்லி வீதம் 30 மில்லி ஊற்றி, மேலே ஒரு கிலோ எடையை ஒரு நிமிஷம் வைத்து, அடியிலும் ஓரத்திலும் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். உப்பு நீரில் கேசரி பவுடர் கரைத்து ஊற்றினோம். எடைக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட். பழைய பவுடர் போட்ட நாப்கின் கசியவில்லை. புதியதில் நிமிஷம் முடிவதற்குள் இரண்டு ஓரத்திலும் ஆரஞ்சு கோடு. டீச்சர் சேலையில்கூடக் கறை.

கடைசியாக மூன்றாவது மூட்டையைப் பேப்பரில் கொட்டிச் சலித்தோம். பவுடருக்கு நடுவே பஞ்சு இழைகள். ஒரு துண்டு எலாஸ்டிக் நூல். அப்புறம் நகக்கண் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட் துண்டு, அதில் அச்சடித்த கரடிக்குட்டியின் ஒரு காது. குழந்தை டயப்பர் ஷீட்! எங்கேயோ கழித்துப்போட்ட டயப்பரைக் கிழித்துச் சலித்தெடுத்த பவுடரைத்தான் எனக்குப் புதுசு என்று விற்றிருக்கிறார். பேக்டரியில் கழித்ததா, அதற்கும் கீழா, அதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

கரடிக் காதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. அதோடு சரி. குடோன் என்று சொன்ன விலாசத்தில் போய்ப் பார்த்தால் பழைய பேப்பர் கடை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று ஒரு வக்கீலைக் கேட்டேன். "பில் எங்கம்மா?" என்றார். போலீசில் மனு கொடுத்து வைத்திருக்கிறேன், ரசீது கையில் இருக்கிறது.

விடுதியில் இருந்த பாக்கெட் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டேன். வார்டன் திட்டவில்லை. பாதி ஆர்டர் மட்டும் கொடுத்து, "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார். இப்போது பில்லோடு, பேட்ச் நம்பர் ஸ்டிக்கரோடு வருகிற மூட்டையைத்தான் இறக்குகிறேன். இறக்கும்போதே அடியில் இருந்து ஒரு கைப்பிடி எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டுவிடுவோம். டிரைவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

எனக்கு வந்தது அச்சே இல்லாத வெள்ளைச் சாக்கு, வாய் ஊதா நூலில் தைத்தது, உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பை. ஸ்டிக்கரைக் கிழித்த பசைத் தடம் ஓரத்தில் இருக்கும். திருவள்ளூர், செங்குன்றம் பக்கமும் இதே சரக்கு சுற்றுகிறது என்று கேள்வி. உங்கள் மாடியில் அப்படி ஒரு சாக்கு இருந்தால் இன்றைக்கே சலித்துப் பாருங்கள். என் மாடிப்படிக்குக் கீழே இன்னும் மூன்று மூட்டை பிரிக்காமல் கிடக்கிறது, சாட்சிக்கு.