இன்டெக்ரட்ரான்: வெள்ளிக்கிரகத்தார் சொன்னதாகக் கட்டிய மரக் கூடத்தில் ஒரு மணி நேரம்

கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், லேண்டர்ஸ் என்ற சிற்றூரில், வெள்ளையடித்த மரக் குவிமாடம் ஒன்று நிற்கிறது. பெயர் இன்டெக்ரட்ரான். முன்பதிவு செய்துகொண்டு போனால், மாடியில் பாய் விரித்துப் படுக்க வைத்து, குவார்ட்ஸ் கிண்ணங்களை உரசி ஒலி எழுப்புவார்கள். சவுண்ட் பாத் என்கிறார்கள். ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா பார்க்க வருகிறவர்கள் பலர் இதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, "அமைதியாக இருந்தது, தூங்கிவிட்டோம்" என்று திரும்புகிறார்கள். அது பெரிய இழப்பு. 1950களின் பறக்கும் தட்டு அலை அமெரிக்காவில் விட்டுப்போனதில் பெரும்பங்கு மங்கிய புகைப்படங்களும் மலிவுத் தாளில் அச்சடித்த புத்தகங்களும்தான். உள்ளே நுழைந்து, படுத்து, காதால் கேட்கக்கூடிய மிச்சம் இந்தக் கூடம். எதற்காகக் கட்டினார்கள், ஏன் இப்படி ஒலிக்கிறது என்ற இரண்டும் தெரிந்து போகிறவருக்கு இது வேறு அனுபவம்.

கட்டியவர் ஜார்ஜ் வான் டாஸல். 1910இல் ஒஹாயோவில் பிறந்தவர். டக்ளஸ், ஹியூஸ், லாக்ஹீட் என்று விமானக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர். 1947இல் அதையெல்லாம் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு பாலைவனத்துக்கு வந்தார். ஜயன்ட் ராக் என்ற, ஏழு மாடி உயரத் தனிப் பாறையின் அருகே ஒரு சிறு விமான ஓடுதளமும் சாப்பாட்டுக் கடையும் நடத்தினார். அதே 1947 ஜூன் 24 அன்று, வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலைப்பக்கம் ஒன்பது பொருள்கள் மின்னிக்கொண்டு பறந்ததாக கென்னத் ஆர்னால்ட் என்ற விமானி சொன்னார். தண்ணீரில் சில்லு எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி போயின என்று அவர் அசைவைத்தான் விவரித்தார். பத்திரிகைகள் அதை வடிவமாக்கிப் பறக்கும் தட்டு என்று பெயர் வைத்தன.

பார்த்தேன் என்பது ஐந்தாறு ஆண்டில் பேசினேன் என்று வளர்ந்தது. 1952 நவம்பர் 20 அன்று டெசர்ட் சென்டர் அருகே வெள்ளிக்கிரகத்தார் ஒருவரைச் சந்தித்ததாக ஜார்ஜ் ஆடம்ஸ்கி சொன்னார். சாலை போடும் இயந்திரங்களைப் பழுதுபார்த்த ட்ரூமன் பெதுரம், கிளாரியன் என்ற கோளிலிருந்து வந்த பெண் கேப்டனை நெவாடாவில் கண்டதாகச் சொன்னார். ஒயிட் ஸாண்ட்ஸ் ராக்கெட் தளத்தில் வேலை பார்த்த டேனியல் ஃப்ரை, ஆளில்லாத ஒரு தட்டில் ஏறி நியூயார்க் வரை போய்வந்ததாகச் சொன்னார். ஆர்ஃபியோ ஆஞ்செலூச்சி லாக்ஹீட் தொழிற்சாலைத் தொழிலாளி. கவனித்துப் பாருங்கள், இவர்களில் பலர் கையில் கிரீஸ் ஒட்டிய ஆட்கள். வான் டாஸலின் முறை 1953 ஆகஸ்ட் 24 பின்னிரவில் வந்தது. சோல்கண்டா என்ற வெள்ளிக்கிரகத்தார் தன்னைத் தட்டி எழுப்பி, கப்பலுக்குள் அழைத்துப்போய், உடம்பின் செல்களைப் புதுப்பிக்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தார் என்றார். மற்றவர்கள் புத்தகம் எழுதினார்கள், மேடையில் பேசினார்கள். இவரும் இரண்டையும் செய்தார், கூடவே மரத்தை அறுத்துக் கட்டடம் எழுப்பத் தொடங்கினார். அதனால்தான் இன்றைக்கும் போய்ப் பார்க்க ஒன்று இருக்கிறது.

அவர் மனதில் இருந்தது ஒரு மின் இயந்திரம். செல்கள் ஒவ்வொன்றும் ஒரு சின்ன மின் அலைவி, அதாவது அதிர்ந்து மின் அலை எழுப்பும் கருவி, என்று பாரிஸில் வாழ்ந்த ரஷ்யரான ஜார்ஜ் லகோவ்ஸ்கி சொல்லிவந்த கருத்து அதற்கு அடிப்படை. குவிமாடத்தின் வெளிச்சுற்றில் அலுமினியத் தண்டுகள் பொருத்திய வளையம் சுழன்று நிலைமின்னை உண்டாக்க வேண்டும். வெள்ளை உடுத்திய ஆட்கள் ஒரு கதவில் நுழைந்து முக்கால் வட்டம் நடந்து மறு கதவில் வெளியேற வேண்டும். பழைய பேட்டரியை மறுபடி சார்ஜ் ஏற்றுவது போல உடம்பு தெம்பேறும் என்பது எதிர்பார்ப்பு. நன்கொடைப் பணத்தில் இருபதாண்டுக்கும் மேலாக வேலை நடந்தது. இயந்திரம் ஓடாமலே 1978 பிப்ரவரியில் வான் டாஸல் காலமானார். கருவிகளும் குறிப்புகளும் பிறகு கைமாறிச் சிதறிப்போயின. 2000இல் மூன்று சகோதரிகள் வாங்கிப் பழுதுபார்த்து, ஒலிக்கூடமாக நடத்திவருகிறார்கள். 2018இல் அமெரிக்கத் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் இடம்பெற்றது. இந்த ஆட்கள் கையில் வந்ததால்தான் கட்டடம் பிழைத்தது என்று தாராளமாகச் சொல்லலாம்.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உயரம் 38 அடி, விட்டம் 55 அடி, பக்கங்கள் 16. பலகைகளை ஒட்டி அடுக்கி வளைத்த மர விலாக்கள் அடியிலிருந்து எழும்பி உச்சியில் ஒரு கான்கிரீட் வளையத்தில் சேர்கின்றன. அந்த வளையத்தின் பாரம் எல்லா விலாக்களையும் கீழ்நோக்கி அழுத்தி இறுக்கி வைக்கிறது. குவிமாட மரவேலையில் ஆணியோ திருகோ கிடையாது. உலோகம் இருந்தால் மின்புலம் கலையும் என்பது வான் டாஸலின் கணக்கு. அந்த இயந்திரம் ஓடவில்லை, ஆனால் கட்டடம் உறுதியாக அமைந்தது. 1992 ஜூன் 28 காலையில் இதே லேண்டர்ஸை மையமாகக் கொண்டு 7.3 அளவில் நிலநடுக்கம் வந்தது. குவிமாடம் நின்றது. மாடியில் படுத்தவுடன் கண்ணை மூடிவிடாதீர்கள். முதலில் ஒரே ஒரு விலாவைத் தேர்ந்தெடுத்து, சுவரடியிலிருந்து உச்சி வளையம் வரை பார்வையால் பின்தொடருங்கள். பலகை மேல் பலகையாக ஒட்டிய கோடுகள் வளைவோடு சேர்ந்து ஓடுவது தெரியும். விமானக் கம்பெனிகளில் பழகிய கை அது.

இனி அமர்வு. மொத்தம் சுமார் ஒரு மணி நேரம். இடத்தைப் பற்றிச் சிறு அறிமுகம், பிறகு அரைமணிக்குச் சற்று மேலாகக் கிண்ண இசை, மிச்ச நேரம் பதிவு செய்த இசையோடு ஓய்வு. அறிமுகத்தில் வான் டாஸல் கதை விரிவாக வர நேரமில்லை. ஆகவே படித்துவிட்டுப் போவது உங்கள் பொறுப்பு. காலணியைக் கழற்ற வேண்டும். மாடிக்கு ஏணி மாதிரி செங்குத்தான படி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போவதானால் இதை முன்கூட்டியே யோசியுங்கள். ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். பாய் விரித்த தரையில் அத்தனை நேரம் மல்லாந்து கிடக்க இடுப்பு ஒத்துக்கொள்ளாதவர்கள், முழங்காலுக்கடியில் வைக்க ஒரு சுருட்டிய போர்வை கொண்டுபோனால் போதும்.

கிண்ணங்கள் இருபதை ஒட்டி இருக்கும். இந்தக் குவார்ட்ஸ் கிண்ணம் பிறந்த கதை வேறு. சிலிக்கான் படிகம் வளர்க்க, உருகிய சிலிக்கானைத் தாங்கும் மூசையாகச் செமிகண்டக்டர் தொழிலில் பயன்படுவது இதே மாதிரி பாத்திரம்தான். சுத்தமான குவார்ட்ஸ் மணலைச் சுழலும் அச்சில் போட்டு 1,700 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி எடுக்கிறார்கள். விளிம்பை மெத்தென்ற தோல் சுற்றிய கோலால் ஒரே சீராக உரசினால், கோல் ஒட்டுவதும் வழுக்குவதுமாகக் கிண்ணத்தை அதிரவைக்கிறது. வயலினில் வில் செய்வதும் இதையேதான். ஆனால் வில்லை எடுத்ததும் வயலின் அடங்கிவிடும். இந்தக் கிண்ணம் உடனே அடங்காது, நீண்ட நேரம் ரீங்கரிக்கும். ஒன்று அடங்குமுன் அடுத்தது சேர்ந்துகொள்ளும்.

அப்போது காதில் விழும் "வுவ்... வுவ்..." என்ற அலையடிப்பைப் பலரும் ஏதோ மர்ம சக்தி என்று நினைக்கிறார்கள். தம்பூராவுக்குச் சுருதி சேர்த்தவர்களுக்கு அது பழைய சங்கதி. இரண்டு தந்திகள் மயிரிழை விலகியிருந்தால் ஒலி ஏறி இறங்குமே, அதே விஷயம். ஒரு கிண்ணம் வினாடிக்கு 256 முறையும் இன்னொன்று 259 முறையும் அதிர்ந்தால், வினாடிக்கு மூன்று அலை கேட்கும். பாடகர் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குவார். இங்கே அதையே இசையாக்கி வைத்திருக்கிறார்கள்.

கூடம் செய்யும் வேலை அதற்கு மேல். வளைந்த மரச்சுவர் ஒலியைச் சிதறவிடாமல் திருப்பி அனுப்புகிறது. நடுவில் நின்று பேசினால் உங்கள் குரல் உங்களுக்கே தடித்துக் கேட்கும். கிண்ண ஒலி மாறாமல் நீள்வதால் அறைக்குள் நிலையான அலைகள் உருவாகி, சில இடங்களில் ஓசை உரக்கவும் சில இடங்களில் மெலிந்தும் நிற்கும். 256 அதிர்வு ஒலியின் அலைநீளம் சுமார் 1.3 மீட்டர். உரத்த புள்ளிக்கும் மெலிந்த புள்ளிக்கும் இடைவெளி அதில் கால்பங்கு, அதாவது ஏறத்தாழ ஒன்றரைச் சாண். படுத்தபடியே தலையை அவ்வளவு நகர்த்திப் பாருங்கள். ஒரு கிண்ணம் காணாமல் போய் இன்னொன்று முன்னே வரும். ஒரு காதில் கேட்பது மறு காதில் இருக்காது. சிலர் ஒலி தலைக்குள்ளேயே சுற்றுகிறது என்று சொல்வது இதனால்தான். பணம் கொடுத்ததற்கு ஈடு இந்த ஒன்றரைச் சாணில் இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்வோம்.

உடம்பின் யோகச் சக்கரங்கள் திறக்கும், நோய் தீரும் என்ற பேச்சை நம்பி யாரும் போக வேண்டாம். மனசு லேசாகும், தூக்கம் வரும், அவ்வளவு. காது இரைச்சல் தொந்தரவு, ஒற்றைத் தலைவலி, வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்; சில சுரங்கள் உள்ளே நன்றாகவே உரக்க வரும். காதுகேள் கருவி வைத்திருப்பவர்கள் ஒலியளவைக் குறைத்துக்கொள்வது நல்லது. பஞ்சு இயர்பிளக் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். அடிக்கடி கெடுக்கிற இன்னொன்று குறட்டை. அந்தக் கூடத்தில் ஒருவர் குறட்டை விட்டால் எல்லாருடைய காதுக்குப் பக்கத்திலும் அவர்தான் படுத்திருப்பார். குறட்டைக்காரர் பக்கவாட்டில் படுக்க, கூட வந்தவர் தோளைத் தொட்டு எழுப்பத் தயாராக இருக்க, காரியம் முடிந்தது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

வார இறுதி இடங்கள் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். நேரில் போய்க் கேட்டுப் பயனில்லை. வழி: லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து 10ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே வந்து, 62இல் திரும்பி யக்கா வேலி, அங்கிருந்து 247இல் வடக்கே சுமார் பத்து மைல், வலப்புறம் ரெச்சி ரோடு, பிறகு இடப்புறம் பெல்ஃபீல்ட். நெரிசல் இல்லாவிட்டால் இரண்டரை மணி நேரம், வெள்ளி மாலை என்றால் அதை நம்பக் கூடாது. பெட்ரோல், தண்ணீர், சாப்பாடு எல்லாம் யக்கா வேலியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மொபைல் சிக்னலை நம்பாமல் வரைபடத்தை இறக்கி வையுங்கள். அரைமணி முன்னதாகப் போய்ச் சேர்ந்தால், வெளியே தொங்கும் ஊஞ்சல் படுக்கைகளில் கிடந்தபடி குவிமாடத்தை வெளிப்பக்கமிருந்து நிதானமாகப் பார்க்கலாம். கோடையில் காலை அமர்வே நல்லது.

அமர்வு முடிந்ததும் நேரே ஊருக்குத் திரும்பினால் பாதிதான் பார்த்தீர்கள். மூன்று மைல் வடக்கே ஜயன்ட் ராக். வான் டாஸல் 1950களில் தொடங்கி ஆண்டுதோறும் விண்கலன் மாநாடு கூட்டிய இடம் அது. 1959 வாக்கில் கூட்டம் பத்தாயிரத்தை எட்டியதாகச் சொல்கிறார்கள். பெதுரம், ஃப்ரை, ஆஞ்செலூச்சி எல்லாரும் அந்தப் பாறை நிழலில் பேசியிருக்கிறார்கள். வெள்ளிக்கிரகத்தார் கதைக்கு அடி விழுந்தது பிறகு. 1962 டிசம்பரில் அமெரிக்க விண்கலம் மாரினர் 2 வெள்ளிக்கிரகத்தின் அருகே கடந்து அந்தக் கோள் கொதிப்பதைக் காட்டியது. 1970 டிசம்பரில் சோவியத் விண்கலம் வெனீரா 7 அங்கே தரையிறங்கி 475 டிகிரி செல்சியஸ் என்று அளந்தனுப்பியது. ஜயன்ட் ராக் பாறைக்கடியில் இதற்கெல்லாம் முன்பே, 1930களில், ஃப்ராங்க் கிரிட்ஸர் என்பவர் அறைகள் குடைந்து வாழ்ந்தார். 1942இல் போலீஸ் வந்தபோது வெடிமருந்து வெடித்து அங்கேயே இறந்தார்.

போகும் வழி மண்பாதை. சாதாரணக் கார் உலர்ந்த நாளில் மெதுவாகப் போய்விடும். இளமணல் வந்தால் மாட்டும். நிற்காமல் சீராக ஓட்டுங்கள், பிரேக்கை அழுத்தாதீர்கள். சக்கரம் சுழல ஆரம்பித்ததும் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட வேண்டும். மிதித்தால் அச்சு வரை புதையும். டயருக்கு முன்னால் மணலை வாரி, கால்மிதியைச் செருகி, காற்றை 20 பிஎஸ்ஐ வரை இறக்கி மெல்ல எடுங்கள். தார்ச்சாலை ஏறியதும் திரும்ப அடிக்க ஒரு சின்னப் பம்ப் வண்டியில் இருக்க வேண்டும். கோடை இடிமழைக் காலத்தில் ஓடைத்தடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். பாறையடியில் கை வைக்குமுன் பாம்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

2000 பிப்ரவரியில் பாறையின் ஒரு பெரிய பத்தை பிளந்து விழுந்தது. வெளிப்பக்கம் முழுக்கக் கிறுக்கல், அடியில் தீ மூட்டிய கரி. பிளந்த முகத்துக்குச் சுற்றி வந்து பாருங்கள், உள்ளே கருங்கல் வெள்ளை வெளேரென்று இருக்கும். மாலை வெயில் அதில் விழும்போது போனால் நல்ல படம் கிடைக்கும், ஆனால் இருட்டுமுன் மண்பாதையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.